அனுமானம் மூன்று

பக்கம் நாற்பத்தொன்று. அனுமானம் மூன்று:
வரிசையில் சேர்ந்த வண்டி வரிசையை விட்டு விலகுவதில்லை.
நான்தான் எழுதினேன்,
சாட்ஸ்வர்த் வீட்டில், ஒரு ஞாயிறு,
குக்கர் மூன்றாவது விசிலுக்கு மூச்சுப்பிடிக்கும் நேரம்.
விலகலாம் என்று எழுதினால்
சமன்பாடு இரண்டு பக்கம் நீளும்.
பட்டத்துக்கோ ஐந்து மாதம்தான் மிச்சம்.

பகலில் மாணவி.
இரவில் மெய்டன் வார்ஃப் அலுவலகத்தில்
பதினேழு டிரக்குகளை மேய்க்கிறவள்.
ஓடினால் திரையில் பச்சைப் புள்ளி.
பேஹெட் சாலையில் நின்றால் மஞ்சள்.
ஒரு மணி நேரம் நின்றால் சிவப்பு.
அதற்கு மேல் என்ன நிறமென்று
மென்பொருள் செய்தவன் யோசிக்கவில்லை.

வரிசையின் நீளம் என்பது
வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது.
முதல் வகுப்பிலேயே எழுதிப்போட்டு
உலகத்தை முடித்துக் கொடுத்தவர் போல
உட்கார்ந்துவிட்டார் பேராசிரியர் ஹென்னிங்ஸ்.
பொய் சொல்வானேன், எனக்கு அதன்மேல் காதலே வந்தது.
இரவெல்லாம் என் காதில் கத்துகிறவர்கள் அத்தனை பேருக்கும்
ஒரே வரியில் பதில்!

ஜூலை. தெற்குக் காற்று.
காற்று மிஞ்சினால் கிரேன்கள் கைகட்டிக்கொள்ளும்.
டர்பன் துறைமுகம் மூச்சை அடக்க,
வெளியே கப்பல்கள், உள்ளே வண்டிகள்.
எட்டாம் எண் வண்டி: சிபோனெலோ.
லெட்சிட்டெலே ஆரஞ்சு, நான்கு டிகிரிக் குளிர்ப்பெட்டி.
பத்தொன்பது மணி நேரம் சிவப்பு.

இரண்டு பத்துக்கு ஒரு குரல் செய்தி.
பதினோரு விநாடி, பாதிக்கு மேல் காற்று.
"சாவி வெயில் மறைப்புக்குப் பின்னால.
ஆரஞ்சு நல்லா இருக்கு.
நான் போறேன்."

ஓய்வில் இருந்த பாக்கியநாதனை எழுப்பி
பைஜாமாவோடு என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.
ஒன்றரை வருடமாக நான் ஆராய்ந்த வரிசையை
அன்றுதான் காலால் பார்த்தேன்.
என் மாடல் தொண்ணூற்று நான்கு என்றது.
நூற்று முப்பதோடு எண்ணுவதை விட்டேன்.
பக்கக் கண்ணாடியில் ஒருவன் சவரம் செய்கிறான்,
அந்த இருட்டில்.
இன்னொருவன் சின்ன அடுப்பில் மாவு கிண்டுகிறான்.
சாலையோரம் மஞ்சள் புட்டிகள்,
அவற்றில் இருப்பது குளிர்பானம் இல்லை.
தேநீர் விற்கும் பெண்
வண்டி எண் சொன்னதும் வந்த நேரத்தைச் சொன்னாள்,
நோட்டைப் பார்க்காமல்.
"காத்து நின்னாலும் ஆறு மணிக்கு முன்னால அசையாது" என்றாள்.
ஆறு ஐந்துக்கு அசைந்தது.

பாக்கியநாதன் நாற்பது மீட்டர் ஓட்டிவிட்டு
மறுபடி நிறுத்தினார்.

"அது ஒரே ஒரு புள்ளி" என்றார் ஹென்னிங்ஸ்.
"நீக்கிவிடுங்கள், மிஸ் மூன்சாமி.
போக்கு கெடுகிறது."
நல்ல மனிதர். அவர் சொன்னது பாடப்படி சரி.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
ஓர் அகராதி இருந்தது, அட்டை கழன்றது.
வரிசை: ஒழுங்கு. அதே சொல்லுக்கு
அடுத்த பொருள்: மரியாதை.
அப்போது அது எனக்கு அச்சுப்பிழையாகத் தெரிந்தது.

சிபோனெலோ கணக்கை முடிக்கச் சொல்கிறது அலுவலகம்.
படிவத்தில் 'காத்திருப்புக் கூலி' என்றொரு கட்டம் உண்டு,
இதுவரை யாரும் நிரப்பிப் பார்த்ததில்லை.
பத்தொன்பது என்று போட்டேன்.
திரும்பி வரும், தெரியும்.
மறுபடி போடுவேன்.

அனுமானம் மூன்றை அடித்துவிட்டேன்.
சமன்பாடு இரண்டு பக்கமில்லை, ஐந்து பக்கம் போகிறது.
எத்தனை மணிக்கு மனிதன் விலகுவான்
என்ற இடத்தில் ஒரு கிரேக்க எழுத்து நிற்கிறது.
மதிப்பு கிடைக்கவில்லை.

மணி மூன்று. புள்ளிகள் மஞ்சள்.
அந்தப் பதினோரு விநாடியை
இன்னொரு தடவை போட்டுக் கேட்கிறேன்.
காற்று. காற்று.
கதவைப் பூட்டாமல்
மெதுவாகச் சாத்தும் சத்தம்.